முந்திரிக்கொத்தும் இடது இறக்கையும்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தொன்று. ஞானக் கதையில் இப்படி உண்டா என்று கேட்காதீர்கள். ஆசிரமத்தில் இல்லை, விமானத்தில் உண்டு. அங்கே யாருக்குத் தாடி நரைத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. யார் யாருக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள்.

குருவின் பெயர் கேப்டன் எஸ்தர். மார்த்தாண்டத்துக்காரி. சீடரின் பெயர் தளவாய். கழுகுமலையில் பிறந்து, விமானப்படையில் சேர்ந்து, இருபத்தாறு வருஷம் போர் விமானம் ஓட்டியவர். அவர் ஓட்டியதில் ஒரே ஒரு இருக்கைதான். பக்கத்தில் பேச ஆளில்லை, பேசினால் கேட்கவும் ஆளில்லை. ஓய்வு பெற்றபின் ஒரு பயணிகள் விமானக் கம்பெனியில் நாலு வருஷம் கோ-பைலட்டாக இருந்துவிட்டு, இப்போது கேப்டனாவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயிற்சியில் ஒரு வேடிக்கை. சீடர் இடது பக்கம், கேப்டன் இருக்கையில் உட்காருவார். குரு வலது பக்கம், கோ-பைலட் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு சீடர் சொன்னதைச் செய்வார். காரியம் கைமீறினால் ஒழிய குருவாக வாய் திறக்க மாட்டார். கடைசியில் ஒரு தாளில் ஒரு கையெழுத்து. இவர் இனித் தனியாகக் கேப்டனாகப் பறக்கலாம் என்று.

பத்துப் பயணத்தில் விழ வேண்டிய கையெழுத்து அது. எஸ்தர் போடவில்லை. இன்னும் பத்து வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கினார். அதிலும் எட்டு முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது போக ஒன்று, வர ஒன்று. அதிலும் விழாவிட்டால் தளவாய் பழையபடி கோ-பைலட். மறுபடி முயற்சி செய்ய இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். மார்பில் பதக்கம் குத்திய மனுஷருக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி மாதம். டெல்லியில் மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே நின்ற விமானத்துக்கு வால் மட்டும்தான் இருந்தது. புறப்பாடு மூன்று மணி நேரம் தள்ளிப்போயிற்று. காகிதக் கோப்பையில் டீயை வைத்துக்கொண்டு தளவாய் கேட்டார்.

"மேடம், நேராவே கேக்கேன். நான் பறக்குறதுல என்ன குறை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"எறக்குறதுல?"

"உங்கள மாதிரி எறக்க எனக்கு வராது."

"பொறவு ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கீங்க?"

எஸ்தர் டீயை ஊதிக் குடித்தார்.

"இதுவரைக்கும் யாராவது உங்களத் திருத்தியிருக்காங்களா சார்? 'தளவாய், நீங்க செய்றது தப்பு'ன்னு?"

தளவாய் யோசித்தார். யோசிக்க யோசிக்க நெஞ்சு நிமிர்ந்தது.

"இல்ல மேடம். முப்பது வருஷத்துல ஒருத்தரும் இல்ல."

"அதாக்கும் எனக்குப் பயம்" என்றார் எஸ்தர்.

தளவாய்க்கு எரிச்சல் வந்தது. தப்பு செய்யாதது ஒரு தப்பா? அதோடு எஸ்தரின் ஒரு வழக்கமும் அவருக்கு நினைவு வந்து, எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது.

அந்த வழக்கம் இதுதான். எஸ்தர் கேப்டனாகப் பறக்கும் நாட்களில், பயணத்துக்கு முன் விமானப் பணியாளர்களைக் கூட்டி விவரம் சொல்லும்போது, வேண்டுமென்றே ஒரு தப்பு சொல்வார். பறக்கும் நேரத்தை மாற்றிச் சொல்வார், இல்லை போகும் ஊரையே மாற்றிச் சொல்வார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பார். யாராவது ஒருத்தர் "இல்லையே கேப்டன்" என்று சொல்லும்வரை அந்த விமானம் கிளம்பாது. சொன்னவருக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்து கொடுப்பார். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி, மூன்று உருண்டை ஒட்டியபடி பொரித்தெடுத்த மார்த்தாண்டத்துப் பலகாரம். மணிப்பூர்காரரும் பஞ்சாப்காரரும் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தளவாய் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, சர்க்கஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தப்பு செய்யும் கேப்டனை எவன் மதிப்பான்? தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மூடுபனி கொஞ்சம் விலகியதும் விமானத்துக்குப் போனார்கள். பணியாளர்கள் நாலு பேர் வரிசையாக நின்றார்கள். தலைமைப் பணிப்பெண் ஹர்ப்ரீத், பன்னிரண்டு வருஷ அனுபவக்காரி. கடைசியில் நின்றவள் டோல்மா, லடாக்கில் பிறந்தவள். இவர்கள் பேசுவதெல்லாம் இந்தியில். நமக்கு எதற்கு அது, தமிழிலேயே கேட்போம்.

தளவாய் ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் சொல்லி முடித்தார். வானிலை, நேரம், பயணிகள், அவசரகாலத்தில் யார் எந்தக் கதவு. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கேள்வி ஏதாவது? இல்ல. சரி, போகலாம்."

கேட்டதும் அவரே, பதில் சொன்னதும் அவரே. ஆனாலும் டோல்மா கையைப் பாதி தூக்கினாள்.

"சார், நாம போற ஊர்ல பனி கொட்டுதுன்னு சொன்னாங்க. கேபின் ஜன்னல் வழியா இறக்கையில ஏதாவது தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லணுமா?"

"இறக்கையைப் பார்க்க நான் இருக்கேன். நீங்க பயணிகளைப் பாருங்க."

அவர் அதட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. டோல்மாவின் கை இறங்கிவிட்டது. எஸ்தர் தோள்பைக்குள் கையை விட்டு, டப்பாவைத் தொட்டுப் பார்த்து, எடுக்காமல் பையை மூடினார்.

அவர்கள் போனது வடக்கே ஒரு பள்ளத்தாக்கு நகரம். பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள், எங்கள் ஊரில் நடந்தது அப்படியில்லை என்று சண்டைக்கு வருவார்கள். மூன்று பக்கமும் மலை, நடுவில் ஒரு ஓடுபாதை. மாலை ஐந்தரைக்கு அதை மூடிவிடுவார்கள். அதற்குமேல் காகம்கூடக் கிளம்ப முடியாது.

பனித்தூறலுக்கு நடுவே தளவாய் விமானத்தை இறக்கிய அழகில், சக்கரம் தரையைத் தொட்டதே பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் கை தட்டினார்கள். தளவாய் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பாராட்டு வேண்டியிருந்தது, மறைக்கத் தெரியவில்லை.

"வெண்ணெய் சார்" என்றார் எஸ்தர்.

"அப்போ கையெழுத்து?"

"இன்னும் ஒரு பயணம் இருக்கே."

சொல்லிவிட்டு எவர்சில்வர் டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இது எதுக்கு? நான் இனிப்பு தொடுறதில்ல மேடம். அடுத்த மாசம் மெடிக்கல் வருது."

விமானிகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை மாதிரி. ஒரு மாதத்துக்கு முன்பே ஒழுக்கம் வந்துவிடும்.

"உங்களுக்கு இல்ல சார்" என்றார் எஸ்தர்.

தளவாய்க்குப் புரிந்தது. கோபமும் வந்தது. இந்த வயதில் இந்தக் கூத்தை ஆட வேண்டுமா? ஆனால் கையெழுத்து அந்தப் பக்கம் இருக்கிறது. வேண்டா வெறுப்பாக டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பயணிகள் ஏறுவதற்கு முன் நாலு பேரையும் முன்கதவுக்குப் பக்கத்தில் கூட்டினார். மறுபடியும் ஒன்றரை நிமிஷம். நடுவில் ஒரு வரியை மட்டும் மாற்றினார்.

"டெல்லிக்குப் பறக்கும் நேரம் மூன்று மணி."

ஒன்றேகால் மணி நேரப் பயணம் அது. கொஞ்சம் முன்புதான் அதே வழியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். குழந்தைகூடச் சொல்லும். தளவாய் சொல்லிவிட்டு நின்றார்.

யாரும் பேசவில்லை.

இன்னும் கொஞ்சம் நின்றார். ஒருத்தன் காலணியைப் பார்த்தான். இன்னொருத்தி புன்னகை மாறாமல் நின்றாள். டோல்மா வெளியே விழும் பனியைப் பார்த்தாள். ஹர்ப்ரீத் கையிலிருந்த அட்டையில் எதையோ எழுதினாள். தளவாய் எட்டிப் பார்த்தார். 3:00 என்று எழுதியிருந்தாள்.

"ஹர்ப்ரீத், மூன்று மணி சரியா?"

"இல்லை சார்."

"தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"நீங்க சொன்னீங்க சார்."

நக்கல் இல்லை அந்தப் பதிலில். அதுதான் தளவாயைக் குத்தியது. பன்னிரண்டு வருஷம் பறந்தவள், தப்பு என்று தெரிந்தே அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

அவருக்கு வேறொன்றும் நினைவு வந்தது. போன வருஷம், கோ-பைலட்டாக இருந்தபோது. பக்கத்தில் ஒரு சிடுமூஞ்சிக் கேப்டன். காலையிலிருந்து யார் எது சொன்னாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். பன்னிரண்டாயிரம் அடியில் நிறுத்த வேண்டிய இறக்கத்துக்குப் பதினோராயிரம் என்று பொத்தானைத் திருகினார். தளவாய் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த ஆளே நாலைந்து விநாடியில் கவனித்து மாற்றிக்கொண்டார், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த நாலைந்து விநாடி? பதக்கம் வாங்கிய வாய் ஏன் திறக்கவில்லை? இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

தளவாய்க்கு வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டெல்லியில டோல்மா ஒரு கேள்வி கேட்டாங்க. நான் சொன்ன பதில் தப்பு. எது கண்ணில பட்டாலும் சொல்லுங்க. சந்தேகமா இருந்தாலும் சொல்லுங்க."

நாலு பேரும் தலையாட்டினார்கள். நம்பி ஆட்டினார்களா, பழக்கத்தில் ஆட்டினார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. டப்பாவைத் திறக்காமலே விமானிகள் அறைக்குத் திரும்பினார்.

"யாருக்கும் குடுக்கலியா சார்?"

"யாரும் வாங்கல மேடம்."

எஸ்தர் இப்போது கோ-பைலட். கிளம்புமுன் சரிபார்க்கும் பட்டியலை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

பயணிகள் நூற்று அறுபது பேர் ஏறினார்கள். பனித்தூறல் நிற்கவில்லை. இறக்கையில் ஐஸ் படிந்தால் விமானம் எழும்பாது, எழும்பினாலும் நிற்காது. அதனால் ஒரு லாரி வந்து, சூடான மருந்தைப் பீய்ச்சி, படிந்ததை முதலில் கரைக்கும். அப்புறம் கெட்டியான இன்னொரு மருந்தைப் பூசும். அந்தப் பூச்சு அன்றைய குளிருக்கு இருபத்தைந்து நிமிஷம் தாங்கும். அதற்குள் கிளம்பியாக வேண்டும். தாமதித்தால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

லாரி வந்தது. பீய்ச்சியது, பூசியது, போயிற்று. தளவாய் கீழே இறங்கி, குனிந்து நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்தார். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுத்தம். திருப்தியாக ஏறி வந்தார். கதவை மூடினார்கள். படிக்கட்டை நகர்த்தினார்கள்.

மணி ஐந்து எட்டு.

"எஞ்சினை ஆரம்பிக்கலாமா கேப்டன்?" என்று கேட்டார் எஸ்தர்.

தளவாய் கையை நீட்டியபோது கேபின் தொலைபேசி மணி அடித்தது. எடுத்தார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், டோல்மா. பதினாலாம் வரிசையிலிருந்து பார்த்தேன். தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க."

"சொல்லுங்க."

"இடது இறக்கை. உடம்போட ஒட்டுற இடத்துல ஒரு முழ அகலத்துக்கு மினுங்குது. மருந்தா, ஐஸான்னு எனக்குத் தெரியல. எங்க வீட்டு வாசல்ல கண்ணாடி ஐஸ் இப்படித்தான் மினுங்கும். பார்த்தா தெரியாது, கால் வெச்சாதான் தெரியும்."

தளவாய் தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தார்.

மருந்துதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மருந்துதான். இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் அந்தப் பெண் சொன்னதும் உண்மை. மேலே பறந்து வந்த விமானத்தின் டாங்கில் எரிபொருள் குளிர்ந்திருக்கும். அதற்கு மேலே இறக்கையில் விழும் ஈரம் கண்ணாடியாக உறையும். கண்ணுக்கு அது தெரியாது. கையால் தொட்டால்தான் தெரியும். அவர் தொடவில்லை.

இப்போது படிக்கட்டை வரவழைத்து, கதவைத் திறந்து, ஏணி போட்டுத் தொட்டுப் பார்க்க இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் மருந்தின் நேரம் போய்விடும். மறுபடி லாரி. அதற்குள் ஐந்தரை. ஓடுபாதை மூடிவிடும். நூற்று அறுபது பேர் இந்தக் குளிரில் தங்க வேண்டும். கடைசிப் பயணம். கடைசிக் கையெழுத்து.

அவர் பக்கத்தில் திரும்பினார். குருவைப் பார்க்கவில்லை, கோ-பைலட்டைப் பார்த்தார்.

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"நானும் ஜன்னல் வழியாப் பாத்தேன். சுத்தமாத்தான் தெரிஞ்சுது" என்றார் எஸ்தர். "ஆனா நான் தொடல."

"நானும் தொடல" என்றார் தளவாய்.

எஸ்தர் நினைத்தால் நிறுத்தலாம், போகவும் சொல்லலாம். முகத்தில் ஒன்றும் இல்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குக் காத்திருக்கும் கோ-பைலட்டாக உட்கார்ந்திருந்தார். தளவாய் இருபத்தாறு வருஷம் தனியாகப் பறந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"டோல்மா, சொன்னதுக்கு நன்றி" என்று தொலைபேசியில் சொன்னார். பிறகு எஸ்தரிடம், "படிக்கட்டைக் கூப்பிடுங்க."

ஏணி மேலே நின்று கையுறையைக் கழற்றினார். விரல் நுனி உடனே மரத்துவிட்டது. உடம்போடு இறக்கை சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கொழகொழவென்று மருந்து. அதற்கு அடியில் வழவழவென்று தகடு. ஒரு சாண் தள்ளி வைத்தார். தகடு. இன்னும் ஒரு சாண். தகடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முழங்கைவரை மருந்து வழிய, எட்டிய இடமெல்லாம் தடவினார். ஏணியை நகர்த்தி மறுபடி தடவினார்.

ஐஸ் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

கீழே ஏணியைப் பிடித்திருந்த எஞ்சினியர் மேலே பார்த்தார். "என்ன சார்?"

"சுத்தம்."

"அதைத்தான் நான் அப்பவே சொன்னேனே" என்றார் எஞ்சினியர்.

லாரி மறுபடி வந்து சேர்ந்தபோது ஐந்து இருபத்தொன்பது. பீய்ச்சும் குழாயைத் தூக்குவதற்குள் ஓடுபாதை மூடிவிட்டது.

பயணிகளுக்கு யார் சொல்வது? ஹர்ப்ரீத் ஒலிபெருக்கியை எடுத்தாள். தளவாய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கேபினின் முன்னால் போய், எல்லாருக்கும் முகம் தெரியும்படி நின்றார்.

"நான் தளவாய். இன்னிக்கு நாம கிளம்ப முடியல. இறக்கையைத் தொட்டுப் பார்க்கணும்னு நான் முடிவு பண்ணினேன், அதுல நேரம் போயிடுச்சு. நாளைக்குக் காலையில போவோம். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தர், அன்று ராத்திரி தன் மச்சினன் கல்யாணம் என்று ஆரம்பித்து, தளவாயின் படிப்பு வரைக்கும் போனார். தளவாய் கதவருகே நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். யார் சொல்லித் தொட்டுப் பார்த்தார் என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

கடைசிப் பயணியும் இறங்கியபின் பின்கட்டுக்குப் போனார். டோல்மா மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஹர்ப்ரீத் அவள் தோளைப் பிடித்திருந்தாள். மற்ற இருவரும் பக்கத்தில் நின்றார்கள். கேப்டன் வருவதைப் பார்த்ததும் நாலு பேரும் விறைத்தார்கள்.

"சார்" என்றாள் டோல்மா. "ஐஸ் இல்லைன்னு சொன்னாங்க."

"இல்லை."

"என்னால எல்லாருக்கும்..."

தளவாய் பேசிப் பழக்கமில்லாத மனுஷர். மருந்து காயாத கையால் எவர்சில்வர் டப்பாவைத் திறக்கப் பார்த்தார். வழுக்கியது. ஹர்ப்ரீத் வாங்கித் திறந்து கொடுத்தாள். அவர் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க, டோல்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

டோல்மா அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எனக்கா சார்?"

"சாப்பிடுங்க" என்றார் தளவாய். "எனக்கு மெடிக்கல் வருது."

யாரோ சிரித்தார்கள். டோல்மாவும் அழுகையோடு சிரித்து, ஒரு உருண்டையைக் கடித்தாள். கருப்பட்டிப் பாகு இறுகியிருந்தது போலும், நறுக்கென்று சத்தம் கேட்டது.

விடுதிக்குப் போகும் வண்டியில் எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தளவாய் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இரண்டு வருஷம். ஐம்பத்து மூன்றில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மனசு தேறவில்லை. ஆனாலும் ஆச்சரியம், இன்னொரு தடவை அந்தத் தொலைபேசி வந்தால் மறுபடியும் படிக்கட்டைத்தான் கூப்பிடுவோம் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மலையெல்லாம் வெள்ளை, அதன்மேல் வெயில். நாலு பேரையும் முன்கதவுக்குப் பக்கத்தில் கூட்டினார். எஸ்தர் வழக்கம்போலப் பின்னால் நின்றார்.

"காலை வணக்கம். டெல்லியில மூடுபனி இல்லை. பறக்கும் நேரம் நாலு..."

"ஒன்றேகால் சார்!" என்றாள் ஹர்ப்ரீத். மற்ற மூன்று பேரும் அதே நேரத்தில் அதையே சொன்னார்கள். தளவாய் வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

"பொறுங்க, பொறுங்க" என்று டப்பாவைத் திறந்து ஹர்ப்ரீத்துக்கு ஒன்று கொடுத்தார். அவள் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாங்கினாள். அவர் மேற்கொண்டு சொன்னார். "பயணிகள் நூற்று அறுபது. கைக்குழந்தைகள் இரண்டு."

"மூன்று சார்" என்றாள் டோல்மா.

தளவாய் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு என்றுதான் இருந்தது.

"பன்னிரண்டாம் வரிசையில இன்னிக்குப் புதுசா ஒரு அம்மா ஏறுறாங்க, கைக்குழந்தையோட" என்றாள் டோல்மா. "குழந்தைக்கான பெல்ட் இன்னும் ஒண்ணு வேணும். எடுத்து வெச்சுட்டேன். உங்க தாள் நேத்து சாயங்காலத்துது சார்."

தளவாய் தேதியைப் பார்த்தார். நேற்றையதுதான்.

இது அவர் வேண்டுமென்று சொன்ன தப்பு இல்லை. நிஜத் தப்பு. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவரைத் திருத்தியிருக்கிறார், அதுவும் நாலு பேர் முன்னால். வலிக்கும் என்று நினைத்திருந்தார். வலிக்கவில்லை. சுமையை யாரோ ஒரு கை பிடித்த மாதிரி இருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்படியே போனா டெல்லி வர்றதுக்குள்ள டப்பா காலி" என்று சொல்லி டோல்மாவுக்கு ஒன்று கொடுத்தார்.

அன்று மருந்து பூசியதும், யாரும் கேட்காமலே, அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார்.

டெல்லியில் இறங்கியது அவ்வளவு அழகாக இல்லை. காற்று ஒரு பக்கமாகத் தள்ளியதில் சக்கரம் தொம்மென்று விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. பயணிகள் இறங்கிப் போனார்கள். கல்யாணத்தைத் தவறவிட்டவர் தளவாயைப் பார்க்காமலே போனார்.

எஞ்சின் அடங்கிய அமைதியில் எஸ்தர் அந்தத் தாளை எடுத்தார். முழங்காலில் வைத்து, கீழ்க்கோட்டில், நிதானமாகத் தன் பெயரை முழுதாக எழுதினார். எழுதி அவர் பக்கம் நீட்டினார்.

தளவாய் வாங்கினார். படித்தார். கண் கலங்கியது. துடைக்கவும் கூச்சமாக இருந்தது. ஆனால் உள்ளே ஒன்று உறுத்தியது. இனாமாக வந்ததை வாங்கிப் பழகாதவர்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நேத்து அந்த எறக்கையில ஐஸ் இருந்து, நான் தொட்டுக் கண்டுபுடிச்சிருந்தா இந்தக் கையெழுத்துக்கு ஒரு நியாயம் இருக்கு. ஒண்ணுமே இல்ல. சும்மாவே நூத்தி அறுபது பேரக் குளிர்ல போட்டேன். ஒரு மனுஷனுக்குக் கல்யாணமே போச்சு. இன்னைக்கு எறக்குனதும் நல்லால்ல. இதுக்கு எப்படி மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

எஸ்தர் அவர் மடியிலிருந்த டப்பாவை எடுத்தார். திறந்து பார்த்தார். அடியில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஐஸ் இருந்திருந்தா, யாரா இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு இனிப்பு குடுத்திருப்பாங்க சார்."